இரண்டாம் நிலைக் காவலர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு காவல் துறையில் காவலராகச் சேர்ந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது விடியற்காலையில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில், காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் பிள்ளைகளோடு நிற்கிறேன். சம்பளம் கிடையாது, டீ வாங்கித் தருவார்கள். ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே அவர்கள் கேட்கும் கேள்விகளும், அவர்களுடைய அப்பாக்கள் மதில் ஓரமாக அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விகளும்தான் இங்கே உள்ளன.

பயிற்சி முடிந்ததும் எந்த ஸ்டேஷனில் போடுவார்கள்?

பெரும்பாலும் எந்த ஸ்டேஷனிலும் போட மாட்டார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இது தெரியாது. அதனால்தான் முதலில் வைத்தேன்.

காவலர் என்றதும் உங்கள் மனத்தில் எழும் படம், காவல் நிலையத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து புகார் மனு வாங்குபவருடையது. அவரைத் துறைக்குள் 'தாலுகா' காவலர் என்போம். புதிதாகச் சேரும் இரண்டாம் நிலைக் காவலர் நேராக அங்கே போவதில்லை. ஒன்று தமிழ்நாடு சிறப்புக் காவல் படை, அதாவது பட்டாலியன். இல்லையென்றால் மாவட்ட அல்லது மாநகர ஆயுதப்படை. 2023ஆம் ஆண்டு அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 3,359 இடங்கள். அதில் ஆண் காவலர்களுக்கான 1,819 இடங்களும் சிறப்புக் காவல் படையில்தான். ஆயுதப்படையின் 780 இடங்கள் பெண்களுக்கும் திருநருக்கும். எஞ்சியவை சிறைக் காவலர், தீயணைப்பாளர் பணியிடங்கள். அந்த ஆண்டு தேர்வான ஆண் காவலர் ஒருவரும் முதல் நாளில் எந்த ஸ்டேஷன் படியையும் மிதிக்கவில்லை.

பட்டாலியன் என்றால் ஆவடி, மணிமுத்தாறு, உளுந்தூர்ப்பேட்டை, ராஜபாளையம், பழனி, போச்சம்பள்ளி என்று பல ஊர்கள். நமது சிறப்புக் காவல் படையின் ஓர் அணி தில்லியில் இருக்கிறது. திகார் சிறைக் காவலில் நெடுங்காலமாக நிற்பவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். ஆனால் படை எந்த ஊரில் இருக்கிறது என்பது பாதிச் செய்திதான். பந்தோபஸ்து எங்கே கூப்பிடுகிறதோ அங்கே லாரியில் ஏறிப் போக வேண்டும். மதுரைச் சித்திரைத் திருவிழா, திருவண்ணாமலை தீபம், செப்டம்பரில் பரமக்குடி, அக்டோபர் இறுதியில் பசும்பொன் என்று ஆண்டு முழுதும் ஒரு சுற்று உண்டு. தேர்தல் வந்தால் வேற்று மாநிலத்துக்கும் போக நேரும். கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ பாய் விரித்துப் படுக்கை. வரிசையில் நின்று பொட்டலச் சோறு. தேர் பார்க்க வந்த லட்சம் பேரில் தேரைப் பார்க்காத ஒரே கூட்டம் நாங்கள்தான். தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நிற்பதற்குத்தானே சம்பளம்.

அங்கே சில ஆண்டுகள் கழிந்தபின் ஆயுதப்படைக்கு மாறுதல் வரும். அங்கே கைதிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவரும் வழிக்காவல், கருவூலத்தில் 'பாரா', அதாவது முறைவைத்துக் காவல் நிற்பது, பணம் போகும் வண்டிக்குத் துணை, முக்கியப் பிரமுகர் பாதுகாப்பு ஆகியவை வேலை. அதற்கும் பிறகுதான் தாலுகா. எத்தனை ஆண்டு என்பது காலியிடத்தையும் பணிமூப்பையும் பொறுத்தது. சிலருக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் முதல் ஸ்டேஷன் கிடைக்கிறது.

இதைச் சொன்னதும் போன மாதம் ஒரு பையன் ஷூவைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் திரும்பி வந்தான். தெரிந்து வந்தானே என்று எனக்கு மகிழ்ச்சி.

'இரண்டாம் நிலை' என்றால் என்ன? முதல் நிலைக்கு நேராக விண்ணப்பிக்க முடியாதா?

முடியாது. காவல் துறையின் அடிப்படி இரண்டாம் நிலைக் காவலர். முதல்நிலை, பதவி உயர்வில் வருவது. சட்டைக் கையில் பட்டை எதுவும் இல்லாதவர் இரண்டாம் நிலை. இரண்டு பட்டை இருந்தால் முதல்நிலை. மூன்று பட்டை இருந்தால் தலைமைக் காவலர், ஊரார் வாயில் ஏட்டு. வெளியிலிருந்து நேராக நுழையப் பெரிய வாசல்கள் மூன்றுதான்: காவலர், உதவி ஆய்வாளர், குரூப்-1 வழியாகத் துணைக் கண்காணிப்பாளர். ஐ.பி.எஸ். தனிக்கதை.

ஆட்களை எடுப்பது 1991இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். காவலர், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்றுக்கும் பொதுத் தேர்வு ஒன்றுதான். விண்ணப்பத்தில் எது முதல் விருப்பம், எது இரண்டாவது என்று வரிசைப்படுத்திக் கேட்பார்கள். அந்தக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் சென்டர் பையனிடம் விட்டுவிடாதீர்கள். தீயணைப்பு நிலையமா, சிறையா, பட்டாலியனா என்று வீட்டில் ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போங்கள்.

பத்தாம் வகுப்பு போதுமா?

போதும். ஆனால் அந்தப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் இருக்க வேண்டும். பத்தாவது தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர்கள் ஏமாந்து போவது இங்கேதான். பட்டச் சான்றிதழ் பெரிதுதான். இந்த வாசலில் அது செல்லாது.

நடைமுறையில் மைதானத்துக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் பட்டதாரிகள், பொறியியல் படித்தவர்களும் உண்டு. அதைப் பார்த்துப் பத்தாம் வகுப்புக்காரர்கள் மிரள வேண்டாம். கேள்விகள் பத்தாம் வகுப்புத் தரத்தில்தான் வருகின்றன; பொறியியல் படித்தவர் அந்தச் சமூக அறிவியலை மறந்து ஆறு வருடம் ஆகியிருக்கும்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாவது வரை முழுதும் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றிதழைப் படித்த பள்ளிகளிலிருந்து வாங்க வேண்டும். மூன்று பள்ளியில் படித்திருந்தால் மூன்று படி ஏற வேண்டும். அறிவிப்பு வந்தபின் அலைந்தால் தலைமை ஆசிரியர் விடுமுறையில் இருப்பார். இப்போதே வாங்கி வையுங்கள்.

வயது?

குறைந்தது 18. மேல் வரம்பு பொதுப் பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்ட மற்றும் மிகவும் பிற்படுத்தப்பட்ட பிரிவுகளுக்கு 28, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 31. ஆதரவற்ற விதவைகளுக்கு 37, முன்னாள் படைவீரர்களுக்கு 47. அறிவிப்பு வரும் ஆண்டின் ஜூலை 1ஆம் தேதியை வைத்துக் கணக்கிடுவார்கள்.

உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. ஏதாவது செய்ய முடியுமா?

மனது கஷ்டப்படும், இருந்தாலும் சொல்கிறேன். ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர். பட்டியல் சாதி, அருந்ததியர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, மேற்படி பிரிவினருக்கு 157. ஆண்களின் மார்பளவு சாதாரணமாக 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்து விரிக்கும்போது குறைந்தது 5 சென்டிமீட்டர் கூட வேண்டும்.

மார்பு விரிவு பழக்கத்தில் வரும். உயரம் வராது. கம்பியில் தொங்கினால் வளரும் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: அளப்பதற்கு முன் நிமிர்ந்து நிற்கப் பழகுவது. கூன் போட்டே வளர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குதிகால், பிட்டம், தோள், பின்னந்தலை நான்கும் சுவரில் படும்படி நின்று பழகினால் கூனில் ஒளிந்திருந்த கொஞ்சம் வெளியே வரும். விண்ணப்பிக்கும் முன்பே ஒரு நல்ல அளவுகோலில் அளந்துவிடுங்கள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, அளக்கும் இடத்தில் 169.5 என்று கேட்டுத் திரும்பியவனோடு ஒரு நாள் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

எழுத்துத் தேர்வு எப்படி இருக்கும்?

ஒரே அமர்வில் இரண்டு பகுதிகள். முதலாவது தமிழ் மொழித் தகுதித் தேர்வு: 80 கேள்வி, 80 மதிப்பெண். இதில் 40 விழுக்காடு, அதாவது 32 எடுத்தால்தான் அடுத்த பகுதியைத் திருத்துவார்கள். இந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. இரண்டாவது முதன்மைத் தேர்வு: 70 கேள்வி, 70 மதிப்பெண். பொது அறிவு 45, உளவியல் 25. இதிலும் 35 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து 2 மணி 40 நிமிடம்.

'உளவியல்' என்ற பெயரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எண் தொடர், சாதாரணக் கணக்கு, வரைபடத்தைப் பார்த்துப் பதில் சொல்வது, தருக்கம், சூழ்நிலைக்கேற்ற முடிவு ஆகியவைதான் அதில் உள்ளவை. பொது அறிவு எல்லாருக்கும் ஓரளவு வந்துவிடுகிறது. வரிசையில் முன்னே நிற்பவரையும் பின்னே நிற்பவரையும் பிரிப்பது இந்த 25தான். தினமும் அரை மணி நேரம் கணக்குப் போடுங்கள்.

தமிழ்ப் பகுதியை 'நம்ம மொழிதானே' என்று விடுபவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். இலக்கணம், இலக்கியம், தமிழறிஞர்களும் தமிழ்த்தொண்டும் என்று பாடத்திட்டம் இருக்கிறது. ஆறு முதல் பத்து வரையிலான அரசுத் தமிழ்ப் பாடநூல்களை அட்டையிலிருந்து அட்டை வரை படியுங்கள். கடையில் விற்கும் தடித்த கையேடுகளில் பாதி அந்தப் பாடநூல்களிலிருந்து எடுத்து எழுதியவை, எழுத்துப் பிழைகளோடு.

மொத்த மதிப்பெண் கணக்கு?

நூறு. எழுத்துத் தேர்வு 70, உடல்திறன் போட்டிகள் 24, என்.சி.சி., நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. கடைசியில் அரை மதிப்பெண்ணில் வேலை போகும். பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகள் இருந்தால் என்.சி.சி.யில் சேரச் சொல்லுங்கள். கல்லூரி முடித்தபின் அந்தச் சான்றிதழுக்கு ஏங்கிப் பயனில்லை.

ஆண்களுக்கான ஓட்டம், கயிறு எல்லாம் எப்படித் தயாராவது?

முதலில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது. முடிக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 400 மீட்டர் தடத்தில் இது மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 112 விநாடி என்று வைத்தால் சரியாக 7 நிமிடம். ஆனால் நான் 100 விநாடிக்குப் பழக்குகிறேன். 6 நிமிடம் 15 விநாடியில் முடிக்கத் தெரிந்தவன், தேர்வு நாளின் பதற்றத்திலும் வெயிலிலும் இருபது முப்பது விநாடி இழந்தாலும் பிழைப்பான். எல்லாரும் செய்யும் தவறு முதல் சுற்றில் பறப்பது. பக்கத்தில் ஒருவன் ஓடுகிறான் என்று நீங்களும் ஓடாதீர்கள். இங்கே முதலில் வருபவனுக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கப் போவதில்லை.

அதன்பிறகு மதிப்பெண்ணுக்குரிய மூன்று போட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் என்று இரண்டு எல்லை உண்டு. கயிறு ஏறுதலில் 5 மீட்டர் ஏறினால் ஒன்று, 6 மீட்டருக்கு இரண்டு. நீளம் தாண்டுதலில் 3.80 மீட்டர், 4.50 மீட்டர்; அல்லது உயரம் தாண்டுதலில் 1.20, 1.40. ஓட்டத்தில் 100 மீட்டரை 15 விநாடி, 13.5 விநாடி, அல்லது 400 மீட்டரை 80 விநாடி, 70 விநாடி. இதில் எந்தப் போட்டியிலும் ஒரு ஸ்டாராவது வாங்காமல் தப்ப முடியாது.

நிறையப் பேரைக் கவிழ்ப்பது கயிறு. கைபலம் உள்ளவன்கூட நான்கு மீட்டரில் நின்று ஊசலாடுவான்; ஏனென்றால் கையாலேயே ஏறப் பார்க்கிறான். கயிற்றை ஒரு பாதத்தின் மேலே விட்டு, மறு பாதத்தால் அழுத்திப் பூட்டுங்கள். அந்தப் பூட்டின் மேல் எழுந்து நின்று, கையை மேலே மாற்றி, முழங்காலைத் தூக்கி, மறுபடியும் பூட்டுங்கள். பனையேறிகள் தளைநார் போட்டு ஏறுவதைப் பார்த்திருந்தால் உங்களுக்குச் சட்டென்று புரியும்: ஏற்றுவது கால்தான், கை பிடித்துக்கொள்வதற்கு. இறங்கும்போது வழுக்கி வராதீர்கள், உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். அடுத்த போட்டி அன்றைக்கே இருக்கும். எங்கள் மைதானத்தில் உத்தரம் கிடையாது. பக்கத்திலுள்ள பழைய புளிய மரத்துக் கிளையில் தேங்காய் நார்க் கயிறு கட்டியிருக்கிறோம்.

பெண்களுக்கு?

தகுதி ஓட்டம் 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடிக்குள். பிறகு நீளம் தாண்டுதல் 3 மீட்டர், இரண்டு ஸ்டாருக்கு 3.75; 4 கிலோ குண்டு எறிதலில் 4.25, 5.50 மீட்டர், அல்லது கிரிக்கெட் பந்தை 17, 24 மீட்டர் எறிவது. 100 மீட்டர் ஓட்டம் 17.5, 15.5 விநாடி, அல்லது 200 மீட்டர் 38, 33 விநாடி. குண்டா பந்தா என்று கேட்கும் பெண்களிடம் இரண்டையும் ஒரு வாரம் எறிந்து பார்க்கச் சொல்வேன். ஆடு மாடு பத்தி, கல்லெறிந்து வளர்ந்த பிள்ளைகள் பந்தில் அசத்திவிடுவார்கள்.

தகுதியைவிட, 'பெண்ணுக்கு இந்த வேலை சரிப்படுமா' என்றுதான் அப்பாக்கள் மதிலோரம் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் பெண்கள் காவல் பணிக்கு வந்தது 1973இல். முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சாலையோரப் பந்தோபஸ்தில் கழிப்பறை இல்லாமல் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் நின்ற சக காவலர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலமைச்சர் போகும் வழியில் பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் உத்தரவு வந்தது. காலை ரோல் கால், அதாவது வருகைக் கணக்கெடுப்பு, அவர்களுக்கு ஏழு மணிக்குப் பதில் எட்டு மணி என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. மகப்பேறு விடுப்பு 12 மாதம். விடுப்பு முடிந்து வருபவர்களுக்குப் பெற்றோரோ கணவர் வீட்டாரோ இருக்கும் ஊரில் மூன்றாண்டு பணியிடம் என்ற அறிவிப்பு 2024இல் வந்தது. ஒவ்வொன்றும் தாமதமாகத்தான் வந்தது. இருந்தாலும் வந்துகொண்டிருக்கிறது.

திருநர் விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. விண்ணப்பத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. இந்த வழியைத் திறந்தவர் பிரித்திகா யாசினி. உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்டு, நீதிமன்றம் போனார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2017இல் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார்.

என்மேல் ஒரு சின்ன அடிதடி வழக்கு இருந்தது, விடுதலை ஆகிவிட்டேன். விண்ணப்பத்தில் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும். மறைக்கவே கூடாது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வாழ்க்கை கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். தேர்வானபின் உங்கள் எல்லைக்குட்பட்ட காவல் நிலையம் உங்கள் நடத்தையை விசாரித்து அறிக்கை அனுப்பும். நம் துறையின் பணி விதி, பிற அரசு வேலைகளைவிடக் கடுமையானது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டாலும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலை ஆனாலும், 'குற்ற வழக்கில் தொடர்புடையவர்' என்றே விதி கொள்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2008இல் இதை ஏற்றது. விசாரணை நடக்கும் சமயத்தில் வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு மாசற்ற விடுதலை கிடைத்தால், அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும்.

'அப்படியானால் சொல்லாமல் விடுவதே மேல்' என்று உங்களுக்குத் தோன்றும். உங்கள் வழக்கு எண் ஸ்டேஷன் பதிவேட்டில் இருக்கிறது, அறிக்கை எழுதப் போவது அதே ஸ்டேஷன். வழக்கோடு பொய்யும் சேர்ந்துகொண்டால், உங்களுக்காக வாதாட வரும் வக்கீலுக்கும் நாக்கு எழாது. உச்ச நீதிமன்றம் 2016இல் மறைத்தல் பற்றிய தீர்ப்பில் அற்ப வழக்குகளுக்குச் சற்று இடம் கொடுத்திருக்கிறது. காவல் பணிக்கு அந்த இடம் குறுகலானது. ஊர்த் திருவிழாத் தகராறில் கூட்டத்தோடு கூட்டமாகப் பெயர் சேர்க்கப்பட்ட நல்ல பிள்ளைகள் இதில் அடிபடுவதைக் கண்டிருக்கிறேன். அது நியாயமா என்று கேட்டால், எனக்கே உடன்பாடு இல்லை. ஆனால் விதி அதுதான். தேர்வுக்குப் படிக்கும் காலத்தில் கோயில் கொடை தகராறு நடக்கும் தெருவில் வேடிக்கைகூடப் பார்க்காதீர்கள்.

பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

அவரிடம் கொடுக்கும் பணத்தில் ஒரு பசுமாடு வாங்குங்கள், பாலாவது கறக்கும். விடைத்தாள் இயந்திரம் திருத்துவது. உயரமும் ஓட்டமும் பலர் பார்க்க அளக்கப்படுவது. இந்த ஆசாமிகளின் தொழில்நுட்பம் எளிது: பத்துப் பேரிடம் வாங்குவார்கள், சொந்தத் திறமையில் இரண்டு பேர் தேறிவிடுவார்கள், அந்த இருவர் பணத்தை வைத்துக்கொண்டு எட்டுப் பேருக்கு 'அடுத்த முறை' என்பார்கள். எங்கள் பக்கம் ஒரு குடும்பம் வயலை அடமானம் வைத்துக் கொடுத்தது. பையன் சொந்த மதிப்பெண்ணில் தேறினான். வயல் இன்னும் மீளவில்லை.

மருத்துவப் பரிசோதனையில் எதைப் பார்ப்பார்கள்?

கண் முதலில். நிறக்குருடு, மாறுகண் இருந்தால் வாய்ப்பில்லை. முழங்கால் தட்டுதல், தட்டைப் பாதம், காலில் நரம்புச் சுருட்டல் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். நின்றே பிழைக்கும் வேலை என்பதால் காலைத்தான் அதிகம் சோதிப்பார்கள். விண்ணப்பிக்கும் முன் அரசு மருத்துவமனையில் கண்ணையும் காலையும் ஒருமுறை காட்டிவிட்டால் பின்னால் அழ வேண்டாம்.

பயிற்சி எப்படி இருக்கும்?

காவலர் பயிற்சிப் பள்ளியில் பல மாதங்கள். கடைசியில் காவல் நிலையத்தில் செய்முறைப் பயிற்சி. விடியுமுன் எழுந்து உடற்பயிற்சி, பிறகு கவாத்து, பிறகு சட்ட வகுப்பு, துப்பாக்கி, லத்தி, முதலுதவி. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், நாங்கள் மனப்பாடம் செய்த '302', '420' எல்லாம் எண் மாறிவிட்டன. புதியவர்களுக்கு அது ஒரு வசதி: மறக்க வேண்டியது எதுவும் அவர்களிடம் இல்லை.

முதல் மாதம் அழுவீர்கள். சோற்றுக்காக அழுவோரும் உண்டு, அம்மாவுக்காக அழுவோரும் உண்டு. மூன்றாம் மாதம் தூக்கத்திலேயே 'சாவ்தான்' என்று விறைப்பாக நிற்பீர்கள். சட்ட வகுப்பில்தான் எல்லாரும் தூங்குவார்கள், காலை கவாத்தின் அலுப்பு. தூங்காமல் குறிப்பு எடுத்தவர்கள்தான் பின்னால் ஸ்டேஷனில் எழுத்தர் ஆனார்கள். ஸ்டேஷனில் எழுத்தருக்கு உள்ள மரியாதை உங்களுக்குத் தெரியாது. ஆய்வாளர்கள் மாறுவார்கள், ரைட்டர் நிலைப்பார்.

சம்பளம்?

ஊதிய விகிதம் ரூ. 18,200 முதல் 67,100 வரை. இது அடிப்படை. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி முதலியவை மேலே சேரும். காவலர் குடியிருப்பில் வீடு கிடைத்தால் வாடகைப்படி போய்விடும். கைக்கு வந்ததும் வங்கிக்காரர்கள் தனிநபர் கடனோடு பயிற்சிப் பள்ளி வாசலிலேயே நிற்பார்கள். முதல் ஆண்டிலேயே பைக், செல்போன், அக்கா கல்யாணம் என்று மூன்று கடனில் விழுந்தவர்கள் பிறகு எழுந்ததை நான் அதிகம் பார்க்கவில்லை.

வார விடுமுறை உண்டா?

உண்டு, காகிதத்தில் நிச்சயமாக உண்டு. காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒருநாள் ஓய்வு என்று 2021 நவம்பரில் அரசாணை வந்தது. ஓய்வு நாளில் வேலை வாங்கினால் மிகைநேர ஊதியம். நல்ல ஆய்வாளர் வாய்த்த ஸ்டேஷனில் கிடைக்கிறது. திருவிழாவோ, கலவரமோ, தலைவர் வருகையோ வந்தால் எல்லா விடுப்பும் ரத்து. உங்கள் பிள்ளைக்குக் காது குத்தும் தேதியை முகூர்த்தம் பார்த்து வைக்காதீர்கள், பந்தோபஸ்து பட்டியலைப் பார்த்து வையுங்கள்.

அதிகாரி வீட்டு வேலை செய்ய வேண்டியிருக்குமாமே?

ஆர்டர்லி முறை 1979இலேயே அரசாணையால் ஒழிக்கப்பட்டது. ஒழிந்திருந்தால் 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மறுபடியும் ஒழிக்கச் சொல்லி உத்தரவிட நேர்ந்திருக்காது. முன்னைக்கு இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. நான் புதிதில் ஓர் அதிகாரி வீட்டு நாயை ஏழு மாதம் நடத்திக்கொண்டு போயிருக்கிறேன். நாய் நல்ல நாய்.

மேலதிகாரி ஒருவரை அடிக்கச் சொன்னால் அடிக்கத்தானே வேண்டும்?

வேண்டியதில்லை. இதை எந்தப் பயிற்சி மையமும் சொல்லித் தருவதில்லை, ஆகவே உட்கார்ந்து கேளுங்கள்.

'மேலிடத்தில் சொன்னார்கள்' என்பது கொலை வழக்கில் உங்களைக் காப்பாற்றாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். அந்த வழக்கில் கைதானவர்கள் ஆய்வாளரும் உதவி ஆய்வாளர்களும் மட்டும் என்று நினைக்காதீர்கள். காவலர்களும் தலைமைக் காவலர்களும் கைதானார்கள். அதே ஸ்டேஷனில் அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சொன்னார். சக ஊழியர்கள் சுற்றி நிற்க அதைச் சொல்ல என்ன நெஞ்சுரம் வேண்டும் என்பது சீருடை போட்டவர்களுக்குத்தான் தெரியும். 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி இறந்த வழக்கிலும் காவலர்கள்தான் கைதாகிச் சிறை போனார்கள்.

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனம். அதை மீற உங்களைத் துணைக்கு அழைத்தால், ஸ்டேஷனின் அன்றாடப் பதிவேடான பொதுக் குறிப்பேட்டில் உங்கள் பணி நேரத்தையும் பணியையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். உடனே மெமோ வரலாம். துறை நடவடிக்கையில் '3(ஏ)', '3(பி)' என்று இரண்டு வகைக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை உண்டு, பின்னது பெரியது. நான் ஒரு '3(பி)' வாங்கியிருக்கிறேன். ஊதிய உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. ராத்திரித் தூக்கம் தள்ளிப்போகவில்லை.

பதவி உயர்வு எப்படி? எஸ்.ஐ. ஆக முடியுமா?

பத்தாண்டுப் பணிக்குப் பிறகு முதல்நிலைக் காவலர், அதன்பின் தலைமைக் காவலர், பணியில் கால் நூற்றாண்டை நெருங்கும்போது சிறப்பு உதவி ஆய்வாளர். அதுவரை பொறுக்க முடியாதவர்களுக்கு நேரடி உதவி ஆய்வாளர் தேர்வு இருக்கிறது. பட்டம் வேண்டும். அதில் 20 விழுக்காடு இடங்கள் துறையில் இருப்பவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. ஊதியமும் ரூ. 36,900இல் தொடங்குகிறது. பட்டாலியனில் பாரா முடிந்த நான்கு மணி நேரத்தில் சீட்டாடியவர்களும் இருந்தார்கள், புத்தகம் வைத்துப் படித்தவர்களும் இருந்தார்கள். என்னோடு ஒரே அறையில் இருந்தவர் துணைக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றார். நான் சீட்டாடியவர் பக்கம்.

மூன்று முறை எழுதித் தோற்றுவிட்டேன். இன்னும் முயலலாமா?

எதில் தோற்றீர்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. எழுத்தில் இரண்டு மதிப்பெண்ணில் போயிருந்தால் வயது இருக்கும்வரை எழுதுங்கள். கயிற்றில் போயிருந்தால் மூன்று மாதத்தில் சரிசெய்யலாம். மூன்று முறையும் எழுத்துத் தேர்வில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை என்றால், படிக்கும் முறையை மாற்றாமல் நான்காவது முறை ஓடிப் பழகுவதில் பொருள் இல்லை. பாடநூலோடு ஆறு மாதம் உட்காருங்கள். 25 வயதைத் தாண்டியவர்கள் ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டே முயலுங்கள், வீட்டில் அம்மா நகை அடகுக் கடையில் இருக்கும்போது மூளைக்குள் எண் தொடர் ஏறாது.

எங்கள் மைதானத்துக்கு வருவதானால் காலை ஐந்து மணி. ஷூ கட்டாயமில்லை. தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள், பள்ளிக் குழாயில் ஏழு மணிக்குத்தான் தண்ணீர் வரும்.